கிணற்றின் மேல் பூப்பாத்தி

எருக்கலம்பிட்டி,
மன்னார்.
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

அன்பு மகன் நிப்ராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் ஜெஸ்லியாவும் பிள்ளையும் தோஹாவில் நல்ல சுகமாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். முக்கியமாக நீ சுகமாக இருக்கவேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதத்தில் உனக்கு விழப்போகிற ஏச்சைத் தாங்க உடம்பில் பலம் வேண்டும்.

போனும் வட்ஸ்அப்பும் இருக்கிற இந்தக் காலத்தில் உம்மா ஏன் கொப்பித் தாளைக் கிழித்து எழுதுகிறா என்று நீ நினைப்பாய். நான் அனுப்புகிற வொய்ஸை எல்லாம் நீ வேகத்தைக் கூட்டி வைத்துத்தான் கேட்கிறாய் என்று உன் தங்கச்சி ஸம்ஸியா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். பெற்றவளின் பேச்சை அணில் கத்துகிற மாதிரி ஆக்கிக் கேட்கிற பிள்ளைக்கு இனி வொய்ஸ் கிடையாது. நேரே கதைத்தாலும் கதை சூடாகும்போது உனக்கு உடனே லைன் கிளியர் இல்லாமல் போய்விடுகிறது. என் கையெழுத்தை யாராலும் வேகமாக வாசிக்க முடியாது, உன் ஆறாம் வகுப்பு டீச்சரே ரிப்போர்ட்டில் என் கையெழுத்தைப் பார்த்து இது யார் போட்ட கிறுக்கல் என்று கேட்டவர், அதனால் நீ உட்கார்ந்து எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கவேண்டும், நன்றாக வாசி. லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை திரும்புகிற உன் கூட்டாளி ஸப்ராஸிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உனக்கு மேசன் பிடித்துத் தந்தவன் அவன்தான் என்பதால் அவனுக்குரிய ஏச்சை அவனுக்கு வாசலில் வைத்தே கொடுத்துவிட்டேன், கதவுக்குப் பின்னால் நின்றுதான், ஆனால் நன்றாகக் கேட்டிருக்கும்.

நான் இத்தா இருக்கிறேன். உன் வாப்பா மௌத்தாகி மூன்று மாதமும் இருபது நாளும். நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை நான் அறையை விட்டு முற்றத்துக்கு வரமாட்டேன், அன்னிய ஆண்களின் கண்ணில் படமாட்டேன், இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்துதானே இந்த நாட்களைப் பொறுக்கி எடுத்து வீட்டை உடைக்க ஆள் அனுப்பினாய்? அதற்கு சப்ரைஸ் என்று ஒரு பெயரும் வைத்தாய். உம்மா இத்தா முடிந்து வெளியே வரும்போது வீடும் வளவும் புதிதாக இருக்கவேண்டுமாம், அவ ஆச்சரியப்பட வேண்டுமாம். ஸம்ஸியாவிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறாய். என் வீட்டில், என் காலடியில், நான் கேட்டுக்கொண்டிருக்க, என்னைக் கேட்காமல் செய்கிற வேலைக்கு நல்ல பெயர்தான் வைத்திருக்கிறாய் மகன்.

திங்கட்கிழமை காலை அடம்பனில் இருந்து மேசன் கிருஷாந்தனும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். முதல் வேலையாக என் அறை யன்னலுக்குக் குறுக்கே நீலத் தறப்பாள் ஒன்றைக் கட்டினார்கள். உம்மாவை வேலையாட்கள் பார்த்துவிடக் கூடாது என்று நீதான் போனில் சொன்னாயாம். மார்க்கப்பற்று உனக்கு நல்ல நேரத்தில் வந்தது. மூன்று நாளும் பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு குர்ஆன் ஓதினேன், சோளகக் காற்று தறப்பாளை அடித்த அடியில் ஓதுவது எனக்கே கேட்கவில்லை. ஆனால் காதையும் மூக்கையும் யாரும் தறப்பாள் போட்டு மூடமுடியாது. பத்து மணியளவில் பச்சை எலுமிச்சை மணம் அறைக்குள் வந்தது. காய் பிடுங்கினால் அப்படி மணக்காது, கொப்பு முறிந்தால்தான் மணக்கும், ஒரு கொப்புக்கும் அவ்வளவு மணம் வராது. ஸம்ஸியாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். சும்மா கத்தரித்து விடுகிறார்கள் உம்மா என்றாள். பின்னேரம் தேத்தண்ணி கொண்டுவந்த போது அவள் முகத்தைப் பார்த்தேன், மரம் போய்விட்டது என்று விளங்கிவிட்டது. இந்த உவர்மண்ணில் ஒரு எலுமிச்சை காய்க்க எத்தனை வருடம் என்று உனக்குத் தெரியுமா, உனக்கு எங்கே தெரியும், உனக்கு எலுமிச்சை பிளாஸ்டிக் வலைப்பையில் வருகிறது.

செவ்வாய்க்கிழமை ஸம்ஸியாவைப் பிடித்து உட்காரவைத்து உன் பிளானைக் காட்டச் சொன்னேன். போனில் அந்தப் படத்தைக் காட்டினாள். ஜெஸ்லியா ஏதோ வீடியோக்களைப் பார்த்துக் கம்பியூட்டரில் வரைந்ததாம், குறைந்த செலவில் வீட்டை அழகாக்குவது எப்படி என்று யாரோ ஒரு பொம்பிளை சொல்லிக் கொடுக்கிறாளாம். அந்தப் பொம்பிளை மன்னாரில் குடியிருந்து பார்த்திருக்கிறாளா என்று மட்டும் கேட்டுச் சொல். சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பெயின்ட். இந்த மண்ணில் சுவரின் கீழ்ப்பாதி உப்பை உறிஞ்சும், பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் கொப்புளம் போட்டு உரியும், அதனால்தான் உன் வாப்பா ஒவ்வொரு நோன்புக்கு முதலும் சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் போட்டு அடித்தவர். ஆள் உயர மதிலைப் பாதிக்கு உடைத்து இடுப்பளவு வெள்ளை வேலி. அந்த வேலியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, இத்தா இருக்கிறவள் இப்படிச் சத்தமாகச் சிரிக்கலாமா என்று ஸம்ஸியா கேட்டாள். நம் ஊரில் கேற்றைச் சாத்த மறந்தால் அரை மணித்தியாலத்தில் நாலு கழுதை குசினி வாசலில் நிற்கும், இது நீ மறந்துவிட்டாயா? நீ நடப்போகிற பூக்கன்றுகளை வேலிக்கு மேலால் தலையை நீட்டி ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போகும், குனியக்கூடத் தேவையில்லை. முற்றத்துக்குப் பிளாஸ்டிக் புல். ஹோல் சுவருக்குச் செங்கல் மாதிரி ஸ்டிக்கர், சீமெந்துக்கல்லால் கட்டின வீட்டுக்குச் செங்கல் வேஷம். இதெல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, படத்தின் நடுவில் வட்டமாக ஒரு பூப்பாத்தி இருந்தது, அதைப் பார்த்து கிணறு எங்கே என்று கேட்டேன். படத்தில் தெரியவில்லை உம்மா, பாத்திக்குப் பின்னால் இருக்கிறது என்றாள் உன் தங்கச்சி. அவளும் நன்றாகப் பொய் சொல்லப் பழகிவிட்டாள், எல்லாம் உன் சப்ரைஸ் தந்த படிப்பு.

புதன்கிழமை காலை பழைய குளிக்கும் அறையை இடிக்கிற சத்தம் கேட்டது. அலவாங்கால் குத்துகிறார்கள், சாந்து உதிர்கிறது, தள்ளுவண்டியில் அள்ளுகிறார்கள். வண்டி கேற்றுப் பக்கம் போகும் என்று பார்த்தால் இந்தப் பக்கம் வருகிறது. பிறகு தண்ணீருக்குள் கல் விழுந்த சத்தம் கேட்டது. ஒரு கல் விழுந்தது, அதன் பின்னால் ஒரு வண்டிக் கல்லும் விழுந்தது. நான் தஸ்பீஹ் மாலையைக் கீழே போட்டுவிட்டேன். ஸம்ஸியா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழுகைக்கு நடுவில் எல்லாம் வந்தது. கிணறு பழசு, குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது, பிள்ளை வந்தால் விழுந்துவிடும், நுளம்பு வரும், மூடிவிட்டு அதன் மேல் மண் போட்டுப் பூ நடலாம் என்று நீ தீர்மானித்தாயாம். அதைவிடப் பெரிய புத்தி ஒன்றும் செய்திருக்கிறாய். இடித்த கல்லை ஏற்றிப் போக ட்ரக்டர் பிடித்தால் செலவு என்று கிருஷாந்தன் கேட்டதற்கு நீ அனுப்பிய மெசேஜை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். "கிணறு எப்பிடியும் மூடுறதுதானே, உள்ளுக்கே போடுங்க, ட்ரக்டர் காசு மிச்சம்." எனக்கு அதை இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொல்லவேண்டியிருந்தது, முதல் தடவை இது என் மகன் எழுதியது என்று விளங்கவில்லை.

நீ மறந்திருந்தால் சொல்கிறேன். தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்காலத்தில் இயக்கக்காரர் எங்கள் ஆட்களை ஊரை விட்டு விரட்ட, புத்தளத்தில் முகாமிலும் ஆரோ ஒருவரின் வளவிலும் கிடந்து, நீயும் அங்கேதான் பிறந்தாய், இருபது வருடம் கழித்து நாங்கள் திரும்பி வந்தபோது இந்த வளவில் கூரையும் இல்லை கதவும் இல்லை, சுவருக்குள்ளே முள்ளு உடைமரம் வளர்ந்து நின்றது. உன் வாப்பா வீட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, நேரே கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றார். பதினொரு நாள் இறங்கிச் சேறு அள்ளினார். உனக்கு அப்போது பதினாறு வயது, மேலே கயிறு பிடித்தவன் நீ. உள்ளங்கை உரிந்து இரண்டு நாள் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டாய். அந்தக் கைதான் உள்ளுக்கே போடுங்க என்று எழுதியிருக்கிறது. இன்னும் ஒன்று சொல்கிறேன், இதை நான் இதுவரை உனக்குச் சொல்லவில்லை, சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். வாப்பா மௌத்தான அன்று குழாயில் தண்ணீர் வருகிற நாள் இல்லை. அவரைக் குளிப்பாட்டியது அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான்.

உனக்கு போன் எடுத்தேன், எடுக்கவில்லை, வேலையில் என்று மெசேஜ் வந்தது. வெளியே அடுத்த வண்டியை நிரப்புகிற சத்தம். பள்ளி மௌலவியின் மனைவிக்கு எடுத்து அவரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். தேவை ஒன்றுக்குப் பகலில் மறைத்துக்கொண்டு வெளியே வருவதில் தவறில்லை, அதுவும் சொந்த வளவுக்கு வருவதற்கு என்ன, அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பதெல்லாம் நம் ஆட்களின் வழக்கம் என்று அவர் சொன்னாராம். இதை முதலே கேட்டிருந்தால் எலுமிச்சையாவது தப்பியிருக்கும், அந்தப் பிழை என்னுடையது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். வெள்ளைத் துணிக்கு மேல் பெரிய போர்வையைப் போர்த்துக்கொண்டு, முகத்தையும் மறைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். மூன்றரை மாதத்துக்குப் பிறகு வெயில், கண் கூசியது. நேரே போய்க் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தேன்.

அப்போது நடந்ததை நினைத்தால் கோபத்துக்குள்ளும் எனக்குச் சிரிப்பு வருகிறது. என்னைக் கண்டதும் மூன்று ஆம்பிளைகளும் சாமான்களை அப்படியே போட்டுவிட்டு மதில் பக்கம் முகத்தைத் திருப்பி வரிசையாக நின்றார்கள். ஒருவன் சாரத்தைத் தூக்கி முகத்தில் போட்டுக்கொண்டான். எங்கள் சட்டத்துக்கு எங்களைவிட அவர்களுக்குத்தான் பயம். கிருஷாந்தன் மதிலைப் பார்த்தபடியே கெஞ்சினான்.

"அம்மா, உள்ளுக்குப் போங்கோ. நாங்கள் உங்களைக் கண்டால் உங்கட இத்தா முறிஞ்சு போகும் எண்டு தம்பி போனில சொன்னவர்."

"முறிஞ்சது எலுமிச்சை. இத்தா முறியேல்ல மகன். நீங்க அந்தப் பக்கமே பாத்துக்கொண்டு நில்லுங்க, நான் சொல்றதக் கேளுங்க. உள்ளுக்குப் போட்டதெல்லாம் இண்டைக்கே மேல வரவேணும்."

தம்பி சொன்னால்தான் செய்வோம், தம்பிதான் காசு தாறவர் என்று அவன் சொல்லிப் பார்த்தான். தம்பி காசு தாறவன், வளவு என்னுடையது, என் சீதன வளவு, காணி உறுதியில் என் பெயர் இருக்கிறது, வேண்டுமானால் மதிலைப் பார்த்தபடியே வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். உறுதி அலுமாரிக்குள் இருந்தது, என் கையில் இருந்தது தொழுகைப் புத்தகம், அது அவனுக்குத் தெரியாது. பிறகு கிணற்றுக்குள் இறங்கினால் அம்மாவைப் பார்க்கவும் ஏலாதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் மறைப்பாக வைத்துக்கொண்டு வந்து இறங்கினான். நான் எழுந்து தூரப் போய் நின்றேன். மற்ற இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டே வாளியை இழுத்தார்கள். முன்வீட்டு நிஸ்லா தன் மாடியில் நின்று மதிலுக்கு மேலால் முழுவதையும் பார்த்தாள், இப்போது ஊருக்கே தெரியும், தெரியட்டும். அஸர் நேரத்துக்குள், நான் வருமுன் போட்ட நாலு வண்டிக் கல்லும் மேலே வந்தது. தண்ணீர் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளையாகக் கிடக்கிறது, இறைத்து விட்டுக் குளோரின் போடவேண்டும். கிருஷாந்தன் நல்ல பிள்ளை, போகும்போது மதிலைப் பார்த்து, பிழைதான் அம்மா, நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும் என்றான். உன் வாயில் இருந்து அந்தச் சொல் இன்னும் வரவில்லை.

அன்றிலிருந்து வேலை என் பிளானில் நடக்கிறது, நான் யன்னலுக்குள் இருந்து சொல்ல ஸம்ஸியா போய்ச் சொல்கிறாள். வீட்டை அழகாக்க எனக்கும் ஆசை இருக்கிறது, நான் ஒன்றும் பாழடைந்த வீட்டில் கிடக்க விரும்புகிறவள் இல்லை, என்னைக் கேட்டிருந்தால் உன் காசில் பாதியை வைத்தே செய்து தந்திருப்பேன். மதிலில் கை வைக்க விடவில்லை. திறக்காத பெயின்ட் டின்களைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துச் சுண்ணாம்பு எடுத்தாச்சு. திறந்ததை அடித்த முன்சுவரைச் சுரண்ட வேண்டியிருக்கிறது, அந்தக் காலி டின்களில் ஓட்டை போட்டுப் புதினாவும் கற்றாழையும் வைக்கப்போகிறேன். இடித்த கல்லைக் கிணற்றைச் சுற்றிப் பரப்பிச் சாந்து போட்டு, அங்கிருந்து ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, குளிக்கிற தண்ணீரும் தொழுகைக்கு வுளு எடுக்கிற தண்ணீரும் வாழைக்கும் முருங்கைக்கும் போகிற மாதிரிச் செய்யச் சொல்லியிருக்கிறேன், இப்போது கல்லும் போக்கிடம் கண்டது, ட்ரக்டர் காசும் மிச்சம், மிச்சம் பிடிப்பதென்றால் இப்படிப் பிடிக்கவேண்டும். குழி வெட்டித் தேங்காய்ப் பொச்சு மட்டையைக் கவிழ்த்துப் போட்டு அதற்கு மேல் ஆட்டெருவும் மண்ணும் போட்டால் இந்த மணலிலும் ஈரம் நிற்கும், வாசலுக்கு இரண்டு பக்கமும் மல்லிகையும் மருதாணியும் வரும். என் யன்னலில் கட்டின தறப்பாளை நாற்றுகளுக்கு நிழலாகப் போட்டாச்சு. செங்கல் ஸ்டிக்கரை குசினி அலுமாரித் தட்டுகளுக்கு விரித்தேன், துடைக்க நல்லது, ஜெஸ்லியாவிடம் சொல், அவளுடைய தெரிவில் அது ஒன்று உதவியது. பிளாஸ்டிக் புல்லை ஸம்ஸியா ஆட்டுக்கொட்டிலில் விரித்தாள். ஆடு ஒருதரம் முகர்ந்து பார்த்துவிட்டு அதன் மேல் படுத்துக்கொண்டது. எலுமிச்சையின் அடிக்கட்டையைப் பிடுங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், தளிர்த்தால் பார்ப்போம்.

ஒரு சுவரை மட்டும் அடிக்க விடவில்லை. ஹோலில் வாப்பாவின் கதிரைக்குப் பின்னால் இருக்கிற சுவர். பதினைந்து வருடம் அவர் தலையைச் சாய்த்த இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறதே, உன் பிளானில் செங்கல் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லியிருந்தது சரியாக அந்த இடத்தில்தான். ஜெஸ்லியாவை நான் சொல்லமாட்டேன், அவள் வீடியோ கோலில் அதை ஒரு அழுக்காகப் பார்த்திருப்பாள். உனக்கு அது என்னவென்று தெரியும். நிப்ராஸ், இந்த மூன்றரை மாதத்தில் நீ என்னோடு கூரை ஓடுகளைப் பற்றிக் கதைத்தாய், டைல்ஸைப் பற்றிக் கதைத்தாய், பெயின்டைப் பற்றிக் கதைத்தாய், வாப்பா என்ற சொல் உன் வாயில் ஒருதரம்கூட வரவில்லை. காலையில் மௌத்து, லுஹர் தொழுகையோடு அடக்கம், நீ பிளேன் ஏறினாலும் வந்து சேர்ந்திருக்க மாட்டாய், அதோடு அந்தக் கம்பனிக்காரன் அன்று உடனே பாஸ்போட்டைத் தரவில்லை. அதை நான் உன் குற்றம் என்று ஒருநாளும் சொன்னதில்லை, நினைத்ததும் இல்லை. கிடைக்கிற சம்பளத்தில் மிச்சம் பிடித்து இந்தக் காசை அனுப்பினாய் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நீ வீட்டை அழகாக்கவில்லை மகன். அவர் இருந்த இடத்தையெல்லாம் தேடித் தேடி மூடுகிறாய். நீ வரும்போது இங்கே எதுவும் உன்னைப் பார்த்துக் கேள்வி கேட்கக் கூடாது என்று பயப்படுகிறாய். எனக்குக் கோபம் அதில்தான். உனக்கு வலிக்கிறது என்பதற்காக என் புருஷனைப் பெயின்ட் அடித்து மறைக்க உனக்கு உரிமை இல்லை.

சுண்ணாம்பு ஊறப் போட்டிருக்கிறேன், தும்புப் பிரஷும் இருக்கிறது. அந்தச் சுவரை வேறு யாரும் தொடமாட்டார்கள். நீ வந்து அந்தக் கதிரையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, எழுந்து திரும்பிப் பார். அடிக்கவேண்டும் என்று தோன்றினால் உன் கையால் அடி, நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். விடவேண்டும் என்று தோன்றினால் விடு. தோஹாவில் இருந்து மெசேஜில் மட்டும் சொல்லாதே.

அல்லாஹ் உனக்கும் ஜெஸ்லியாவுக்கும் பிள்ளைக்கும் ஆபியத்தான சுகத்தைத் தரட்டும், உன் தொழிலில் பரக்கத்தைத் தரட்டும், உன் மனசில் கிடக்கிற கல்லையும் எடுத்துப் போடட்டும். பிள்ளைக்கு இருமல் என்று ஸம்ஸியா சொன்னாள், ஏசியைக் குறைத்து வை, இரவில் தயிர் கொடுக்காதே. ஸப்ராஸ் கையில் கட்டாக் கருவாடு கொஞ்சம் அனுப்புகிறேன், கோபத்தில் அனுப்புகிறேன், அது வேறு இது வேறு.

மறக்காமல் குறித்துக்கொள், இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது என் இத்தா முடியப் பதினாறு நாள்தான் இருக்கும். அது முடிந்த அடுத்த நாள் கிருஷாந்தன் கிணற்றில் கடைசியாக ஒருதரம் இறங்கி இறைக்க வருகிறான். மேலே நின்று கயிறு பிடிக்க அடம்பனில் இருந்து ஒரு ஆளைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டான். வேண்டாம், ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் உம்மா
ஆமினா